ஸ்கொட்டியர் மொழியும் எங்கள் ஊர்ப் பேச்சும்

1795ஆம் ஆண்டு செப்தெம்பர் 28ஆம் நாள் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரின் கையை விட்டுப் போயிற்று. பாடசாலை வரலாற்று நூல்களிலே இந்நிகழ்ச்சி ஒரே வசனத்தில் முடிந்துவிடும்: ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். அவ்வசனத்தில் ஒரு சிறு பிழை உண்டு. அப்படையெடுப்புக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஸ்டுவாட் ஆங்கிலேயர் அல்லர். ஸ்கொட்லாந்தின் பிளேயர்ஹோல் என்னுமிடத்திற் பிறந்து, கல்றொஸ், டன்பேர்ம்லின் ஆகிய ஊர்ப் பள்ளிகளிற் படித்து, எடின்பறோவிற் சட்டம் பயிலச் சென்று, அதனை இடைநடுவில் விட்டுப் படையிற் சேர்ந்த ஸ்கொட்டியர் அவர். இலங்கைப் போரில் ஈடுபட்ட படைப்பிரிவுகளுள் 72ஆம் ஹைலண்டர் படையும் ஒன்று. நாம் 'வெள்ளைக்காரன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்ட கூட்டத்துள் இப்படி வேறொரு நாட்டினரும், வேறொரு மொழியினரும் இருந்தனர். அவர்தம் மொழிக்கு நேர்ந்த கதை யாழ்ப்பாணத்திலே தமிழ் பேசி வளர்ந்த ஒருவருக்கு அயலார் கதையாகத் தோன்றாது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஸ்கொட்லாந்தில் மூன்று மொழிகள் வழங்குகின்றன. வடமேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் வழங்கி வந்தது கேலிக். இது அயர்லாந்து மொழிக்கு உறவானது. தாழ்நிலப் பகுதியில் வழங்குவது ஸ்கொட்ஸ். இது ஆங்கிலத்துக்கு உடன்பிறந்தது, ஆங்கிலத்தின் பிள்ளையன்று. மூன்றாவது ஆங்கிலம். கேலிக் வேறு மொழி என்பதை எவரும் மறுப்பதில்லை. அதனைப் பேசியோர் 1746இல் கலோடன் போர்க்களத்தின் பின் பட்ட துன்பங்களும், நிலவுடைமையாளர் அவர்களைக் குடியெழுப்பியமையும் தனியே எழுதத்தக்கவை. ஸ்கொட்ஸ் மொழியின் சிக்கலோ வேறு வகையானது. அது மொழியா, அன்றி ஆங்கிலத்தின் கொச்சையா என்ற ஐயம் அதைப் பேசுவோரின் உள்ளத்திலேயே குடிகொண்டுவிட்டது.

இந்த ஐயம் பழையதன்று. ஜோன் பாபர் என்பார் 1375 அளவில் றொபேட் புறூஸ் மன்னனின் போர்களை நீண்ட காவியமாகப் பாடினார். 1424 முதல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தின் சட்டங்கள் ஸ்கொட்ஸ் மொழியில் எழுதப்பட்டன. கவின் டக்ளஸ் என்னும் கவிஞர் வேர்ஜிலின் இலத்தீன் காவியத்தை 1513இல் முழுமையாக மொழிபெயர்த்து முடித்தபோது, தாம் எழுதுவது தெற்கேயுள்ளாரின் ஆங்கிலமன்று, ஸ்கொட்ஸ் என்று வேறுபடுத்திக் கூறினார். அரசவை, நீதிமன்று, கவிதை ஆகிய மூன்று இடங்களிலும் இம்மொழி அன்று நிமிர்ந்து நின்றது.

பின்னர் அது எங்ஙனம் தாழ்ந்தது? படையெடுத்து வந்தவன் எவனும் அதனைத் தடைசெய்யவில்லை. 1560இல் ஸ்கொட்லாந்து புரட்டஸ்தாந்து சமயத்தைத் தழுவியபோது மக்களின் கையில் ஒரு வேதாகமம் கொடுக்க வேண்டியிருந்தது. ஜெனீவாவில் வெளிவந்த ஆங்கில வேதாகமம் ஆயத்தமாக இருந்தது, அதுவே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஸ்கொட்லாந்தில் முதன்முதல் அச்சான முழு வேதாகமம் 1579இல் வெளிவந்தது. அதுவும் அந்த ஆங்கில வேதாகமத்தின் மறுபதிப்பே. வசதியுள்ள வீட்டார் ஒவ்வொருவரும் வேதாகமம் வைத்திருக்க வேண்டுமென அதே ஆண்டிற் சட்டமும் வந்தது. மேர்டொக் நிஸ்பெற் என்பவர் புதிய ஏற்பாட்டை 1520 அளவிலேயே ஸ்கொட்ஸ் மொழிப்படுத்தியிருந்தார் என்பது இங்கு வருத்தத்துடன் நினைக்கத்தக்கது. அந்தக் கையெழுத்துப்படி அச்சேறியது 1901க்கும் 1905க்கும் இடையில்! ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அது ஏடாகவே கிடந்தது. இதற்கிடையில் ஆலயத்திற் கேட்பதும், வீட்டில் வாசிப்பதும், பிள்ளை எழுத்துக்கூட்டுவதும் ஆங்கிலமாயின. கடவுள் ஆங்கிலம் பேசுகிறார், அடுக்களை ஸ்கொட்ஸ் பேசுகிறது என்ற நிலை உண்டாயிற்று. 1603இல் அரசன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முடியையும் பெற்று அரசவையோடு இலண்டனுக்குப் பெயர்ந்தான். 1707இல் எடின்பறோப் பாராளுமன்றமும் மூடப்பட்டது.

1707 என்ற ஆண்டு எம்மவர்க்குப் பழக்கமானது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்காறுகளைத் தொகுத்துத் தேசவழமையாக எழுதியதும் அவ்வாண்டிலேயே. பாராளுமன்றத்தை இழந்த ஸ்கொட்டியர் தம் சட்டத்தையும், திருச்சபையையும், பள்ளிகளையும் ஒப்பந்தத்தின்மூலம் காத்துக்கொண்டனர். அச்சட்டம் இன்றும் தனியே நிலவுகின்றது, தேசவழமையும் அவ்வாறே. ஆனால் ஸ்கொட்டியர் தம் ஒப்பந்தத்தில் மொழியைக் காக்க ஒரு வாசகமும் சேர்க்கவில்லை. அதைக் காக்கவேண்டிய பொருளாக அவர்கள் கருதியிருக்கமாட்டார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஒருவேளை நாமும் அவ்விடத்தில் அப்படித்தான் செய்திருப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் எடின்பறோ ஐரோப்பாவின் அறிவுத் தலைநகரங்களுள் ஒன்று. அந்நகரத்துப் பெரியார்கள் தம் நாவைப் பற்றி வெட்கப்பட்டனர். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1752இல் வெளியிட்ட நூலுடன், எழுத்தில் தவிர்க்கவேண்டிய ஸ்கொட்ஸ் வழக்குகளின் பட்டியல் ஒன்றையும் இணைத்தார். 1761இல் தோமஸ் ஷெரிடன் என்னும் அயர்லாந்து நடிகர் எடின்பறோவுக்கு வந்து ஆங்கில உச்சரிப்புப் பற்றி விரிவுரையாற்றியபோது நகரத்துக் கனவான்கள் திரண்டு சென்று கேட்டனர். இதே நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொட்ஸ் மொழியின் தலைசிறந்த கவிஞர் றொபேட் பேர்ன்ஸ் தோன்றினார். அவருடைய கவிதை உலகம் முழுவதும் சென்றது. ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் பல நூறு இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் ஸ்கொட்ஸ் மொழியில் உள்ளது ஒன்றேயொன்றுதான்; 1787 ஜூன் 1ஆம் நாள் வில்லியம் நிக்கல் என்ற ஆசிரிய நண்பருக்கு விளையாட்டாக எழுதியது. மற்றவை யாவும் நல்ல ஆங்கிலம். பாட்டுக்கு ஒரு மொழி, அலுவலுக்கு வேறொரு மொழி. கவிஞன் இல்லாமையால் ஒரு மொழி தாழ்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கணக்கு எழுதவும், கடிதம் எழுதவும், பிரசங்கம் செய்யவும் கூச்சமின்றிப் பயன்படும் உரைநடை இல்லாதவிடத்து, பெருங்கவிஞனுங்கூட அம்மொழியைத் தூக்கி நிறுத்த மாட்டான்.

பேர்ன்ஸ் 1796 ஜூலையில் டம்பிறீஸ் நகரத்தில் இறந்தார். அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் கொழும்பும் பிரித்தானியர் வசமாயிற்று. அதே டம்பிறீஸ் மாவட்டத்தின் கான்சலொக் என்னும் ஊரில் 1775இற் பிறந்தவர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன். இலங்கைத் தமிழர் இவரை இன்னும் நன்கு அறிந்திருக்க வேண்டும். தந்தையார் மதுரையில் உத்தியோகம் பார்த்தமையால் சிறுவன் அங்கே வளர்ந்து தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் கற்றான். புகழ்பெற்ற ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் அவனுக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர். தாயார் ஹெஸ்ரர், மடக்கையைக் கண்டுபிடித்த ஜோன் நேப்பியரின் வழிவந்த நேப்பியர் பிரபு குடும்பத்துப் பெண். தம் முன்னோரின் வரலாற்றை எழுதுவதற்காக இந்துக்களின் கணிதத்தைப் பற்றி அறிய அக்குடும்பம் விரும்பியது. அவ்வேலையிற் சம்பந்தப்பட்ட ஓர் இளைஞர் 1783இல் சென்னைக்கு வந்து, பின்னர் மதுரையில் ஜோன்ஸ்ரன் வீட்டிலே தமிழ்நாட்டுப் பண்டிதர்களைச் சந்தித்தார். அவர்தாம் லூயிஸ் தீவின் ஸ்ரோர்ணவேயிற் பிறந்த கொலின் மக்கென்சி. 1796இல் இலங்கைப் போரிலும் பொறியியலாளராகப் பணியாற்றிய இவர், 1815இல் இந்தியாவின் முதலாவது தலைமை நில அளவையாளரானார். இவர் திரட்டிய சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் தென்னாட்டு வரலாற்றை எழுதுவோர்க்கு இன்றும் அடிப்படைச் சான்றுகள்.

ஜோன்ஸ்ரன் 1811இல் இலங்கையின் பிரதம நீதியரசரானார். யூரி முறையை இங்கு கொணர்ந்தவர் அவரே. இந்நாட்டு மக்களின் வழக்குச் சட்டங்களைத் திரட்டுவதில் அவர் காட்டிய ஆர்வம், சொந்த நாட்டிற்குத் தனிச்சட்டம் உடைய ஒருவருக்கு இயல்பானதே. அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் 1816 ஓகஸ்ட் 12 முதல் சுதந்திரர் ஆவர் என உடைமையாளர்களை இணங்கச் செய்ததும் அவர் முயற்சி. இலங்கையின் அடிமைமுறை எங்கோ நடந்த சங்கதியன்று. யாழ்ப்பாணத்து வேளாளர் வளவுகளிலே கோவியரும், நளவரும், பள்ளரும் அடிமைகளாக இருந்தனர். 1816 அறிவிப்போடு அது முடிந்துவிடவுமில்லை. 1844இலேயே சட்டப்படி முற்றாக ஒழிந்தது. இதை நாம் எமது பெருமைகளை எழுதும்போது பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

1844இல் கண்டிக்கு வந்து அரசினர் மத்திய பாடசாலையின் தலைமையாசிரியரானவர் கிளாஸ்கோவிற் பிறந்த ஜோன் மேர்டொக். ஐந்தாண்டுகளில் அப்பதவியை விட்டு நூல் வெளியீட்டிலும் கல்விப்பணியிலும் இறங்கிய இவர், பின்னர் சென்னைக்குச் சென்று 1865இல் அச்சிட்ட தமிழ் நூல்களின் வகைப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தமிழ் அச்சு வரலாற்றைத் தொடும் எவரும் இந்நூலைத் தாண்டிச் செல்ல முடியாது. தமிழ் நூல்கள் எவை எவை அச்சாகியுள்ளன என்று எண்ணிப் பார்க்கவேண்டுமென்ற எண்ணம் தமிழர் எவருக்கும் முன்னே ஒரு கிளாஸ்கோக்காரருக்குத் தோன்றிற்று. அவருக்கு மதமாற்ற நோக்கம் இருந்தது. பட்டியலின் சில குறிப்புகளிலே அது தெரியத்தான் செய்கிறது. ஆயினும் பட்டியல் பட்டியலே.

மலைநாட்டிலே கோப்பியும் தேயிலையும் பயிரிட்ட ஸ்கொட்டியர் மிகப் பலர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருமளவிற் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் கின்காடின்ஷயர்க்காரர். தோட்டத்திற்குப் புதிதாக வரும் 'சின்னத்துரை'களுக்காக ஏ. எம். பேர்குசன் என்பவர் ஒரு தமிழ்க் கைநூல் எழுதினார். அதன் பெயர் 'இங்கே வா'. ஏவல் வினையே தலைப்பு. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியிடம் பேசுவதற்குத் துரைமாருக்கு வேறு வினைவடிவங்கள் தேவைப்படவில்லை போலும்.

சுவடி திரட்டியவரும், சட்டம் தொகுத்தவரும், நூற்பட்டியல் இட்டவரும் எம் மொழியின் சொத்துக்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர்தம் ஊரில் ஸ்கொட்ஸ் மொழியின் சொற்களை எவர் எண்ணினார்? ஒருவர் எண்ணினார். போர்பர் என்னும் சிற்றூரின் போதகராக இருந்த ஜோன் ஜேமிசனும் ஸ்கொட்ஸை ஆங்கிலத்தின் சிதைவென்றே முதலில் நம்பியிருந்தார். கோப்பன்ஹேகனிலிருந்து வந்த தோர்கெலின் என்ற அறிஞர், இப்பகுதி மக்களின் பேச்சிலே ஆங்கிலத்திற் காணப்படாத பழஞ்சொற்கள் பல உள்ளனவென்றும், அவை வடநாட்டு மொழிகளோடு உறவுடையன என்றும் அவருக்கு எடுத்துக் காட்டினார். உண்மையிலேயே, பிள்ளையைக் குறிக்கும் 'பேர்ன்', ஆலயத்தைக் குறிக்கும் 'கிர்க்' ஆகிய ஸ்கொட்ஸ் சொற்கள் அதே பொருளுடைய டேனிஷ் சொற்களுக்கு மிக நெருங்கியவை. ஜேமிசன் இரண்டு பென்ஸ் விலையுள்ள ஒரு கொப்பியை வாங்கிச் சொற்களை எழுதத் தொடங்கினார். 1808இல் அது இரு பெரும் பாகங்களாக ஸ்கொட்டிஷ் மொழி அகராதி என வெளிவந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஹியூ மக்டேமிட் என்ற கவிஞர் ஸ்கொட்ஸ் கவிதையைப் புதுப்பிக்கத் துணிந்தபோது அந்த அகராதியிலிருந்தே சொற்களை அள்ளினார்.

இவ்விடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சிற்கு வருவோம். தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டாகக் கூறும். தமிழகத்துப் பேச்சுவழக்கில் உகரச்சுட்டு மறைந்து நெடுங்காலமாயிற்று. யாழ்ப்பாணத்தில் அது உயிரோடிருக்கிறது. 'இது' என் கையிலிருப்பது; 'அது' அங்கே தூரத்திலிருப்பது; 'உது' உங்கள் பக்கத்திலிருப்பது, அல்லது நீங்கள் இப்பொழுது சொன்னது. 'உவன்' என்றால் சிறிது அலட்சியமும் கலந்துவிடும். வியப்பிற்குரியது யாதெனில், ஸ்கொட்ஸ் மொழியிலும் மூன்று சுட்டுகள் வழங்குகின்றன. பொது ஆங்கிலம் இரண்டோடு நின்றுவிட, 'யொன்' என்ற மூன்றாவதை ஸ்கொட்டியர் அன்றாடப் பேச்சிலே வைத்திருக்கின்றனர். அது எமது உகரச்சுட்டைப் போல நடுவிலிருப்பதை அன்றி, அப்பால் தொலைவிலிருப்பதைச் சுட்டும். பொருள் வேறாயினும் நிலைமை ஒன்றுதான். பழைய செல்வமொன்றைப் பெரிய மொழி இழந்தது. சிறிய பேச்சு வைத்திருந்தது. வைத்திருந்தவர்களுக்கே அது கொச்சையெனச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பாடசாலையில் ஏழாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையொன்றில் 'உவை' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் விழுந்தது. அருகே 'பேச்சு வழக்கு' என்று எழுதப்பட்டிருந்தது. அப்பொழுது வெட்கமாக இருந்தது. தொல்காப்பியம் படித்த பின்னரே அந்த வட்டம் எவ்வளவு விசித்திரமானது என்று விளங்கிற்று.

ஆயினும் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறாகும். ஸ்கொட்டியன் வீட்டுமொழியை விட்டு எழுதச் சென்றபோது அவன் எடுத்தது அயல்நாட்டின் மொழி. நாம் எழுதச் செல்லும்போது எடுப்பது எமக்கும் உரிய பொதுத் தமிழ். அதன் உரைநடையைச் செப்பஞ் செய்தவர்களுள் முதன்மையானவர் நல்லூரிற் பிறந்தவரே. 1840களிலே பீற்றர் பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது ஆறுமுக நாவலர் துணை நின்றார். பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையை நிறுவி, அடுத்த ஆண்டு அச்சகமும் கண்டு, சைவப் பிள்ளைகளுக்கு வேண்டிய உரைநடையைத் தாமே எழுதினார். ஸ்கொட்லாந்தில் 1560இல் நிகழாது போனது இங்கே நிகழ்ந்தது. எழுத்துத் தமிழை நாம் இழக்கவில்லை. வீட்டுத் தமிழின் நிலைதான் கேள்விக்குரியது. அது இன்றும் பேர்ன்ஸின் ஸ்கொட்ஸ் நின்ற இடத்திலேதான் நிற்கிறது: நாடகத்தில் சிரிப்பிற்கும், கதையில் உரையாடலுக்கும் பயன்படும். கடிதத்திற்கு ஆகாது. விடுதியிலிருந்து வீட்டிற்கு எழுதிய நாட்களில் எங்களுள் எவரும் அம்மாவிடம் 'எப்பிடி இருக்கிறியள்' என்று எழுதியதில்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்றே தொடங்கினோம். அம்மாவும் அதே வாய்பாட்டிலேயே பதில் எழுதினார்.

நாடகத்திலே முதலில் துணிந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1940இல் வெளிவந்த 'நானாடகம்' என்னும் தொகுதியில் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே அரங்கேற்றினார். 1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தில், கதைகளிற் பேச்சுமொழியைக் கையாண்டோரை எதிர்த்தவர்கள் 'இழிசனர் வழக்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தினர். அச்சொல்லில் இலக்கணக் கவலை மட்டுமா இருந்தது? பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத்துச் சமுதாயத்தில் மொழியும் சாதியும் பின்னியிருக்கும் முறையை 1970களிலே ஆராய்ந்து எழுதினார். யார் யாரை 'நீ' என்கிறார், யாருக்கு 'நீங்கள்' கிடைக்கிறது என்பதெல்லாம் எங்கள் பேச்சிலே பதிந்திருக்கிறது. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை வாசிப்போர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊர்ப்பேச்சைப் போற்றுவோம் என்று எழுதும்போது எந்த ஊரின், எந்தக் குறிச்சியின் பேச்சு என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. தோட்டத்துச் சின்னத்துரையின் 'இங்கே வா' எங்கள் வேலிகளுக்குள்ளேயும் கேட்ட குரல்தான்.

ஸ்கொட்டியர் மரபு என்றதும் இன்று உலகத்தார் நினைவுக்கு வருவது கட்டமிட்ட பாவாடையும் பைக்குழலுமே. மலைநாட்டு உடையை 1746இற் சட்டத்தால் தடைசெய்து 1782இல் விடுவித்த அதே அரசின் மன்னன், நான்காம் ஜோர்ஜ், 1822இல் எடின்பறோவுக்கு வந்தபோது அவனே அதை உடுத்து நின்றான். அந்த வரவேற்பை ஒழுங்கு செய்தவர் நாவலாசிரியர் வோல்ட்டர் ஸ்கொட். உடை இவ்வாறு எளிதில் அரங்கேறிவிட்டது. மொழி அங்ஙனம் ஏறவில்லை. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பள்ளிக்கூடம் ஆங்கிலமாகவே இயங்கியது. கேலிக்கோ ஸ்கொட்ஸோ பேசிய பிள்ளை அடிவாங்கிற்று.

சென்ற் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த வில்லியம் லோரிமர், புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஸ்கொட்ஸ் மொழியிற் பெயர்த்து, அது அச்சாகுமுன் 1967இல் இறந்தார். மகன் அதனைச் செப்பனிட்டு 1983இல் வெளியிட்டார். எமக்கு வேறு காரணங்களால் மறக்கவொண்ணாத ஆண்டு அது. நூலின் பின்னிணைப்பில் ஒரு பகுதியின் மாற்று வடிவம் உண்டு. அதிலே எல்லாரும் ஸ்கொட்ஸ் பேச, சாத்தான் ஒருவன் மட்டும் சுத்த ஆங்கிலம் பேசுகிறான்.

ஸ்கொட்ஸ் பேசத் தெரியுமா என்று குடிசனமதிப்பில் முதன்முதலாகக் கேட்கப்பட்டது 2011இல். பதினைந்து இலட்சம் பேருக்கு மேல் தெரியும் என்றனர். அரசாங்கம் ஒருமுறை கேட்டபின்னரே பலர் தாம் பேசுவதற்கு ஒரு பெயர் உண்டென எண்ணியிருப்பர். 2025இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் கேலிக்குக்கும் ஸ்கொட்ஸுக்கும் உத்தியோக நிலை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1424இல் ஸ்கொட்ஸ் மொழியிற் சட்டம் எழுதத் தொடங்கிய பாராளுமன்றத்தின் இடத்தில் இன்றிருப்பது, 1999இல் மீண்டும் கூடிய பாராளுமன்றம்.

எங்கள் குடிசனமதிப்பில் அத்தகைய கேள்வி இல்லை. தமிழ் என்பதோடு விடயம் முடிந்துவிடும். 1983இன் பின்னும் 1995 இடப்பெயர்வின் பின்னும் தீபகற்பத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்ப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் அங்கே கற்பது 'அது', 'இது'. சென்ற விடுமுறையில் வந்திருந்த ஒரு சிறுவனிடம் அம்மம்மா, அவன் கையிலிருந்ததைக் காட்டி, 'உதென்ன?' என்று கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்றிரவு நானும் ஒரு கொப்பி எடுத்து, ஒழுங்கை, பேந்து, கெதி, வடிவு என்று எழுதத் தொடங்கினேன். கதைத்தலும் பேசுதலும் எங்களுக்கு ஏன் ஒன்றல்ல என்பதை எழுதி முடிப்பதற்குள் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.